துரைசானிக்கு உயிர் எங்கே

எதிர்வீட்டுக்காரரின் பழைய கார் மார்கழிக் காலைகளில் ஒரு சத்தம் போடும். அழுகை என்று சொல்ல முடியாது. அழப்போகிற குழந்தை மூச்சை உள்ளே இழுத்து, இன்னும் இழுத்து, அழாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்குமே, அந்த இடத்துச் சத்தம். க்ரூ, க்ரூ, க்ரூ. பிறகு ஒன்றுமில்லை. அவர் மறுபடி சாவியைத் திருப்புகிறார். மறுபடி க்ரூ, க்ரூ. இந்தப் பக்கம் ஜன்னலோரம் காபி ஆறிக்கொண்டிருக்க, நான் என் மூச்சையும் அதோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதோ பற்றிக்கொள்ளும், இதோ, இதோ என்று உடம்பு தானாக முன்னால் சாய்கிறது. பற்றிக்கொள்ளவில்லை. தெருவில் மூடுபனியும் பெட்ரோல் வாசனையும் மட்டும் மிஞ்சுகின்றன. அந்தச் சில நொடிகளுக்கு எனக்கு வயது ஏழு. பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு ஜோகுபாளையத்துத் தெருவில் நிற்கிறேன். என் சித்திக்குக் கப்பல் தவறப்போகிறது.

வெள்ளைக்காரர்களின் இரண்டாவது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கண்டோன்மெண்ட் முழுக்கக் காக்கி நிறம். அல்சூர் ஏரிக்கரையில் லாரிகள் வரிசையாக நின்று புகை விடும். எங்கள் வீட்டுக்குச் சண்டை வந்த விதம் வேறு. அது ஒரு கார் உருவத்தில் வந்தது.

அப்பாவுக்குப் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை. ஒரு சங்கீதக் கடை அவரை பங்களா பங்களாவாக அனுப்பும். தோல்பையில் இசைக்கவை, சின்னச் சின்னத் திருகுசாவிகள், ஒரு மான்தோல் துணி. போய்ப் பியானோவின் வயிற்றைத் திறந்து, காதைச் சாய்த்து, ஒவ்வொரு கம்பியாக விசாரிப்பார். பிரேசர் டவுனில் ஒரு கர்னலின் விதவை இருந்தாள். ஊருக்குக் கப்பலேறும்போது பியானோவை யாருக்கோ விற்றுவிட்டாள். காரை விற்க முடியவில்லை. பெட்ரோலுக்கு அளவு வைத்துக் கூப்பன் வந்துவிட்ட காலத்தில் காரை வாங்குகிறவன் யானையை வாங்கலாம்; யானை இலை தழையாவது தின்னும். கடைசியில் அந்தத் துரைசானி காரை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள். தன் பியானோ பழசாகிவிட்டது என்று ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர் அவர் ஒருவர்தானாம். வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இவ்வளவு பெரிய பரிசு வாங்கியவர் எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காருக்கும் துரைசானி என்றே பெயர் நிலைத்தது. எங்கள் வீட்டில் அவள் நிற்க இடமில்லை. எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றாள். இரவெல்லாம் மரம் அவள்மேல் பனியையும் பூவையும் சிந்தும். காலையில் யாரோ மாலை போட்டு மறந்துவிட்டுப் போனதுபோல நிற்பாள். பியானோவிலும் காலால் மிதிக்க வேண்டியவை உண்டு என்பதால் அப்பாவுக்கு ஓட்டுவதில் பெரிய அந்நியம் தோன்றவில்லை. திருப்பங்களில் மட்டும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்.

துரைசானிக்கு வைத்தியர் என் மாமா. அம்மாவின் தம்பி. ராணுவ ஸ்டோரில் வேலை. மோட்டார் வண்டியின் சகல உறுப்புகளும் மசகெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அவர் கை வழியாகப் போகும். ஒவ்வொன்றின் பெயரையும் ஞானோபதேச வகுப்பில் கேள்வி பதில் ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பார். ஆனால் அவற்றில் இரண்டை அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. தனித்தனியாக இருக்கும் எதையும் அவருக்குத் தெரியும். சேர்ந்திருப்பதைக் கண்டால் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைக் கண்ட குழந்தை மாதிரி விழிப்பார். பானட்டைத் திறந்து, "இது கார்புரேட்டர், இது டைனமோ" என்று அறிமுகம் செய்வார். அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கேட்டால், அது வேறு டிபார்ட்மெண்ட் என்பார்.

இவர்கள் எல்லாருக்கும் மூத்தவள் பெரியம்மா. அம்மாவின் அக்கா. கடைக்குட்டியான சித்தி பிறந்த வாரத்திலேயே தாயார் போய்விட, அந்தப் பச்சைக் குழந்தையை வாங்கிக்கொண்ட கைகளைப் பெரியம்மா அப்புறம் வேறு யாருக்கும் நீட்டவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், குட்டி கொஞ்சம் வளரட்டும் என்றாளாம். குட்டி வளர்ந்து நர்ஸ் ஆகி வெள்ளைத் தொப்பியும் வைத்துக்கொண்டாள். அதற்குள் பேச்சு வருவது நின்றுவிட்டது.

பெரியம்மாவைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் எல்லாம் எப்போதும் லேசாக நனைந்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் தீர்த்தத்தை அவள் ஒரு பழைய பிராந்தி பாட்டிலில் நிறைத்து வைத்திருப்பாள். புதுப் பானைக்குத் தீர்த்தம், பரீட்சைக்குப் போகிறவன் தலைக்குத் தீர்த்தம், அடைகாக்கும் கோழிக்குத் தீர்த்தம். இடி இடித்தால் நான்கு மூலைக்கும் தெளித்துவிட்டு வந்துதான் ஜன்னலைச் சாத்துவாள். அதற்குள் மழையும் தன் பங்குக்கு உள்ளே தெளித்திருக்கும். பாட்டிலைத் தெரியாமல் பார்த்துவிட்ட விருந்தாளிகள் அப்பாவை ஒரு புது மரியாதையோடு பார்ப்பார்கள்.

துரைசானி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாமியார் வந்து வண்டியை ஆசீர்வதித்தார். கூரைமேல் கொஞ்சம், சக்கரத்தின்மேல் கொஞ்சம். பிறகு காபி குடித்துவிட்டுப் போனார். பெரியம்மாவுக்கு அது போதவில்லை. மனுஷனுக்கு நெற்றியில் போடுகிறோம், வீட்டுக்கு நிலைப்படியில் போடுகிறோம். கூரையில் தெளித்தால் அது மழைக்குச் சமம், உள்ளே எப்படி இறங்கும் என்று அவள் வாதம். மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"டேய், இதுக்கு உசுரு எங்கடா இருக்கு?"

வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தி தன்னிடம் மோட்டார் சந்தேகம் கேட்ட பெருமையில் மாமா பானட்டின் ஒரு பக்கத்தை, கோழி இறக்கையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். உள்ளே ஒரு கறுப்புக் குல்லா. அதன் உச்சியிலிருந்து ஜடைகளாக ஒயர்கள் இறங்கி இன்ஜினுக்குள் போயின.

"இதான்க்கா. டிஸ்ட்ரிபியூட்டர். பொறி இங்கேருந்துதான் பிரிஞ்சி போவும். இது வேலை செய்யலேன்னா துரைசானி வெறும் தகரம்."

பெரியம்மா அந்தக் குல்லாவை வெகுநேரம் பார்த்தாள். புது மருமகளை அடையாளம் வைத்துக்கொள்வதுபோலப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்த வருஷக் கடைசியில் சித்தி ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்குப் பெயர் கொடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. உத்தரவு வந்த பிறகுதான் சொன்னாள்: குறித்த நாள் இரவுக்குள் மெட்ராஸில் ஆஜராக வேண்டும், மறுநாள் விடியலில் கப்பல். எந்த ஊருக்கு என்பது ராணுவ ரகசியம். ரகசியம் என்பதால் எங்கள் தெருவில் ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். பகல் ரயிலைப் பிடித்தால்தான் கப்பல்; அதை விட்டால் கப்பலும் இல்லை, வேலையும் இல்லை. சித்தி ராத்திரியெல்லாம் தூங்காமல், ட்ரங்குப் பெட்டியை அடுக்கிக் கலைத்து அடுக்கினாள். தூங்காத கண்களில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பெரியம்மா ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. நாரத்தங்காய் ஊறுகாய் போட்டாள். மாதா காவலுக்குக் கழுத்தில் போடும் உத்தரியம் புதிதாகத் தைத்தாள். போர்வை ஓரத்தில் பெயர் பின்னினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் ஊசியிடம் சொல்லி முடித்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

கிளம்பும் நாள். பனி இறங்கி, மரமும் வண்டியும் எதிர்வீட்டு மாடும் ஒரே சாம்பல் நிறம். நான் கண் விழித்து வெளியே வந்தபோது பெரியம்மா துரைசானியின் இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கையில் பாட்டில். உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. கறுப்புக் குல்லாவின்மேல் சிலுவை அடையாளமாக ஊற்றினாள். தெளிக்கவில்லை, ஊற்றினாள், தூரப் பயணம் அல்லவா. பிறகு தன் நெற்றியிலும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். இதில் யாரிடமும் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் தீர்த்தம் தெளிப்பது மூச்சு விடுவது மாதிரி. இன்று காலை பெரியம்மா மூச்சு விட்டாள் என்று போய்ச் சொல்வார்களா யாராவது?

சற்றுப் பொறுத்து அப்பா வந்து வண்டியின் மூக்கில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். க்ரூ, க்ரூ, க்ரூ. இன்ஜின் தாராளமாகச் சுழன்றது. இருமியது. இருமலுக்குப் பிறகு வர வேண்டியது வரவில்லை. அப்பா மறுபடி சுற்றிவிட்டு, பானட்டின்மேல் காதை வைத்துக் கேட்டார். "மூணாவது கட்டை செத்துக் கிடக்குது" என்றார், பியானோவுக்குச் சொல்வதுபோல. பிறகு, நான்கும் செத்துக் கிடக்கின்றன என்று திருத்திக்கொண்டார்.

மாமாவை எழுப்பினோம். வைத்தியம் முறைப்படி தொடங்கியது. முதலில் பெட்ரோல். டாங்கிக்குள் மூங்கில் குச்சி விட்டு எடுத்தார், ஈரம் இருந்தது. குழாயைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்தினார், சொட்டியது. முகர்ந்தார். அப்பாவிடம் நீட்டினார், அப்பா முகர்ந்தார். அம்மாவும் முகர்ந்து பார்த்து, பெட்ரோல்தான் என்று ஒப்புக்கொண்டாள். மூன்று பேர் சாட்சி சொன்ன பிறகு பெட்ரோல்மேல் இருந்த வழக்கு தள்ளுபடியானது. அடுத்தது காற்று. சோக்கை இழுத்துப் பார்த்தார்கள், விட்டுப் பார்த்தார்கள். அதிகமாகக் குடித்து மூச்சு முட்டியிருக்கும், கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். ஆறியும் பார்த்தாயிற்று.

தெருமுனையில் ஜட்காக்காரர் ஒருவர் தன் குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் துரைசானி வந்த நாளிலிருந்து அவருக்கு எங்கள்மேல் ஒரு தனிப்பாசம். என்றாவது ஒருநாள் அவள் கைவிடுவாள் என்று அமைதியாகக் காத்திருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"சாப், நம்ம குதுரெக்கு ஹாண்டில் வேணாம். ஸ்வல்ப புல்லு போதும்."

அப்பாவுக்குக் காது சிவந்தது. சமுத்திரம் தாண்டப் போகிற பெண்ணை ஜட்காவில் அனுப்புவதா? அதுவும் வாசலில் சொந்தக் கார் நிற்க?

மிச்சம் இருந்தது பொறி. மாமா ஒரு பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் சாய்த்துப் பிடித்தார்; அப்பா சுற்றினார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். இருட்டான ஜன்னலைப் பார்ப்பதுபோல இருந்தது. அப்போதுதான் அப்பா குல்லாவைத் தொட்டார். நனைந்திருந்தது. ஒயர்கள் நனைந்திருந்தன. ராத்திரிப் பனி இறங்கிவிட்டது என்று அவர் அறிவிக்க, ஆமாம் பனிதான் என்று மாமாவும் முன்பே தெரிந்த மாதிரிச் சொன்னார். மரத்தடியில் நிற்கிற வண்டி, மார்கழி மாசம், வேறு என்னவாக இருக்கும்? அப்பா தோல்பையிலிருந்து மான்தோலை எடுத்து, பியானோக் கம்பிகளைத் துடைப்பதுபோல உள்ளும் புறமும் துடைத்தார். மறுபடி சுற்றினார். இந்த முறை நீலமாக ஒரு துளி வெளிச்சம் துள்ளியது. அது பிளக்கிலும் துள்ளியது, பிளக்கைப் பிடித்திருந்த மாமாவிலும் துள்ளியது. மாமா ஓரடி பின்னால் போய் விழுந்து, மண்ணில் உட்கார்ந்தபடியே ஆனந்தமாகச் சொன்னார்:

"உசுரு இருக்குது மச்சான். என்னை உதைச்சிது."

அப்போதே கிளப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அது கூப்பன் காலம். ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பவே கையில் இருந்த பெட்ரோல் சரியாக இருக்கும். நின்ற இடத்தில் வண்டியை ஓடவிடுவது அரிசியைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம். பொறி வந்துவிட்டது, போதும். கிளம்பும்போது கிளப்பிக்கொள்ளலாம் என்று பானட்டை மூடிவிட்டு எல்லாரும் இட்லி சாப்பிடப் போனார்கள்.

நான் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா பாட்டிலோடு என்னைத் தாண்டிப் போனாள். வண்டி கிளம்பவில்லையே என்று அவளுக்கு வருத்தம் இருக்கும்தானே. இந்த முறை இன்னும் நீளமான ஜெபம், இன்னும் தாராளமான தீர்த்தம். அவள் முகம் உருக்கமாக இருந்தது. எனக்கும் உருக்கமாக இருந்தது. நானும் இட்லிக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு வந்து, ட்ரங்குப் பெட்டியைப் பின்னால் கட்டி, அப்பா உற்சாகமாகச் சுற்றினார். க்ரூ, க்ரூ. இருமல்கூட இல்லை. திறந்து பார்த்தால் குல்லா மறுபடி நனைந்திருந்தது. பனி விலகி வெயில் வந்துவிட்டிருந்தது. மாமா யோசித்தார்.

"வேர்க்குது மச்சான்."

"வேலையே செய்யாம எப்படி வேர்க்கும்?" என்றார் அப்பா.

சில பேருக்கு அப்படித்தான் என்று அம்மா தன் தம்பியைப் பார்த்தபடி சொன்னாள்.

மறுபடி மான்தோல், மறுபடி பிளக், மறுபடி நீலப் பொறி. திறந்து பார்த்தால் இருக்கிறது, மூடினால் போய்விடுகிறது. துரைசானிக்கு வெட்கம் என்று மாமா முடிவு கட்டினார். வெள்ளைக்காரியோடு இருந்தபோது தனி ஷெட்டு; இங்கே தெருவே கூடி நின்று வயிற்றைத் திறந்து பார்த்தால் யாருக்குத்தான் கூசாது? அதற்குள் தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான். அந்தந்த வீட்டுக்குத் தெரிந்த வியாதியெல்லாம் துரைசானிக்குச் சொல்லப்பட்டது. வாயு என்றார் ஒருவர்.

சித்தி உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சூரியனைப் பார்த்தாள். வேறு யோசனையே வேண்டாம், ஜட்காவைக் கூப்பிடுங்கள் என்றாள். அப்பா கௌரவத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, தெருமுனைப் பக்கம் கையைத் தூக்கினார். இத்தனை நாள் இந்தக் கைக்காகவே காத்திருந்த ஜட்காக்காரர் வந்து, சூரியனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தன் குதிரையைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"இப்ப நம்ம குதுரெயால ஆவாது சாப். டேசன் போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி பூடும். மோட்டார் ஓடுனா தான்."

அதுவரை விளையாட்டாக இருந்தது எல்லாம் அந்த வாக்கியத்தோடு நின்றது. சித்தியின் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. வாய் மட்டும் சின்னப் பெண்ணின் வாயாக மாறிக்கொண்டிருந்தது.

பொறி இருக்கிறது, இப்போதே கிளப்புகிறேன் என்றார் அப்பா. அம்மா விடவில்லை. ஜெபம் சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் தூரப் பயணம் புறப்பட்டதில்லை. ஜெபம் சொல்லும்போது வாசலில் பெட்ரோலை எரித்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஒரு நிமிஷம்தானே, முடித்துவிட்டே ஏறுங்கள் என்றாள். பானட்டை மூடினார்கள். எல்லாரும் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். எப்போதும் ஜெபத்தைத் தொடங்கிவைக்கிறவள் பெரியம்மா. அன்று அம்மாதான் தொடங்கினாள்.

நான் கதவோரம் முழந்தாளிட்டிருந்தேன். அங்கிருந்து மரத்தடி தெரியும். பெரியம்மா அங்கே இருந்தாள்.

இறக்கையைத் தூக்கினாள். குல்லாவின்மேல் பாட்டிலைச் சாய்த்தாள். செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல, வேருக்கு இறங்கட்டும் என்று நிதானமாக விட்டாள். உதடுகள் அசையவில்லை. சிலுவை போடவில்லை. நேரமாகிவிட்டது, அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இறக்கையை மூடிவிட்டு அந்தத் தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல. அப்படி நிற்கும்போது அவள் துரைசானியைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வரும் ஜெபச் சத்தத்தில் ஒரே ஒரு குரலைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்தது. அப்பா சுற்றினார். க்ரூ, க்ரூ, க்ரூ.

அப்பா ஹாண்டிலைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். நனைந்த குல்லாவைப் பார்த்த மாமாவுக்குப் பெயர் சொல்ல ஒரு வியாதியும் மிச்சமில்லை. வாயு என்றவர்கூட மெல்ல நகர்ந்தார்.

சித்தி கைப்பையைக் கீழே வைத்தாள். நேராக வந்து இறக்கைக்குள் தலையை விட்டு, கறுப்புக் குல்லாவின் கிளிப்புகளை விலக்கிக் கையில் எடுத்தாள். கவிழ்த்தாள். தண்ணீர் சொட்டியது. விரலால் தொட்டு, அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். தீர்த்தத்துக்கு உப்புப் போட்டு மந்திரிப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வயிற்றுவலி வந்தவர்கள் எல்லாரும் குடித்திருக்கிறோம்.

"பனி உப்புக் கரிக்குமா அத்தான்?" என்று அப்பாவிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா பாட்டிலை முந்தானைக்குள் பிடித்திருந்தாள். குழந்தையைக் குளிருக்கு மூடுவதுபோல மூடியிருந்தாள். கத்துவாள் என்று எல்லாரும் நினைத்தோம். சித்தி நல்ல கோபக்காரி.

"கங்கு கொண்டா" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

என் தம்பி கைக்குழந்தை. அவனைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை போட்டுத் தலை காயவைக்கும் கூடையும் சட்டியும் வாசலுக்கு வந்தன. கங்கின்மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துரைசானியின் உயிரைத் துணியில் துடைத்து வைத்தார்கள். யார் பழக்கத்தில் போட்டார்களோ, கங்கில் சாம்பிராணியும் விழுந்துவிட்டது. உடுப்பு மாட்டிய நர்ஸும், பியானோக்காரரும், ராணுவ ஸ்டோரும், ஜட்காக்காரரும் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கறுப்புக் குல்லாவைச் சிசுவைப்போலப் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள். "போதும், சூடு ஜாஸ்தி" என்று அம்மா எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்வதையே அதற்கும் சொன்னாள்.

குல்லாவைத் திரும்ப மாட்டும்போது சித்தி பெரியம்மாவிடம் போனாள். "பாட்டிலைக் குடுக்கா" என்றாள். பெரியம்மா கொடுக்கவில்லை. சித்தி முந்தானையை விலக்கி எடுத்துக்கொண்டாள். அடியில் நாலு விரற்கடை இருந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். உப்புக்கு முகத்தைச் சுளித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். "கடல் பயணம். எனக்கும் வேணும்ல." பாவம், தாகமாக இருந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. சண்டை முடிந்து சித்தி திரும்பி வந்த பிறகும், ஆயுசு முழுக்க ஒரே வீட்டில் இருந்தும், அந்தப் பாட்டிலைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அப்பா சுற்றினார். க்ரூ, க்ரூ. பற்றிக்கொண்டது.

அந்த முழக்கத்தை எப்படிச் சொல்வது? மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. துரைசானி உடம்பெல்லாம் உதறி, சாம்பிராணி மணக்க, கோயில் தேர்போலப் புகைவிட்டுக்கொண்டு நின்றாள். "பாத்தியா, தீர்த்தத்தோட மகிமை" என்றார் மாமா, நிஜமாகவே. பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கை நெற்றிக்கும் மார்புக்கும் நடுவில் எங்கேயோ கொஞ்ச நேரம் வழி மறந்து நின்றது. அப்பா திருப்பங்களில் தம் வாழ்நாளின் உச்சபட்ச உணர்ச்சியோடு ஓட்டினார். பழக்கதோஷத்தில் ஜட்காவும் எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்தது.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியை மாமா எறிந்தார், சித்தி ஏறினாள், கார்டு விசில் ஊதினார், எல்லாம் ஒன்றாக நடந்தது. பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும். வண்டி அசைந்தது; அவளும் கூடவே நடந்தாள். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நாங்கள் கூப்பிட்டோம், அவள் காதில் விழவில்லை. சித்தி குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். எடுக்க எடுக்க இவள் மறுபடி பிடித்தாள். ஓடுகிற ரயிலைத் தொடக் கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருந்தார்கள். ஆகையால் சித்தி அப்போது சொன்னதை நர்ஸ்மார்கள் எல்லாருக்கும் சொல்லும் ஜாக்கிரதை வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன். அதற்குப்போய் அப்பா ஏன் தலையைத் திருப்பிக்கொண்டார், அம்மா ஏன் சிரித்துக்கொண்டே அழுதாள் என்பது விளங்கவில்லை. சித்தி சிரித்தபடி, கன்னமெல்லாம் நனைந்தபடி, கம்பி வழியாக அவள் காதுக்கருகில் வந்து சொன்னாள்:

"கையை எடுக்கா. ரயிலாவது கிளம்பட்டும்."